கோல்ஃப் கார்ட் எல்இடி ஹெட்லைட்: ரெகுலேட்டரைத் திருகினால் மங்கவில்லை, சிமிட்டுகிறது

பச்சைப்புல் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். நான்கு கார்ட்கள் என் பொறுப்பில் இருக்கின்றன. எல்லாம் 48 வோல்ட், ஆறு 8 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி. விடிவதற்கு முன்பே மைதானத்துக்குள் போக வேண்டிய வேலை. தண்ணீர் வால்வு திறப்பது, ஆட்களை இறக்கிவிடுவது, குழிக்கொடி மாற்றுவது.

பழைய ஹாலஜன் ஜோடியைக் கழற்றிவிட்டு ஒரு வண்டியில் எல்இடி போட்டேன். அட்டைப்பெட்டியில் ஒவ்வொன்றும் 72 வாட் என்று போட்டிருக்கிறது. வெளிச்சம் வெளிச்சம்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் எதிரே நடந்து வருகிறவர்கள் எல்லாம் கையைத் தூக்கி முகத்தை மறைக்கிறார்கள். ஒருவர் பாதையை விட்டு இறங்கி புதரில் கால் வைத்துவிட்டார்.

ஹாலஜன் காலத்தில் டேஷ்போர்டுக்கு அடியில் கம்பி சுற்றிய பழைய ரெகுலேட்டர் ஒன்று இருந்தது. திருகினால் அழகாக மங்கும். அதையே இதற்கும் மாட்டினேன். பாதி வரை திருகினேன், ஒரு மாற்றமும் இல்லை. இன்னும் கொஞ்சம் திருகியதும் ஸ்டார்ட்டர் போன டியூப்லைட் மாதிரி பட்பட்டென்று சிமிட்ட ஆரம்பித்துவிட்டது. ரெகுலேட்டரைத் தொட்டுப் பார்த்தேன், விரல் சுட்டது.

லைட் பழுதா, என் வேலை பழுதா? மற்ற மூன்று வண்டிக்கு எதை வாங்குவது என்றும் சொல்லுங்கள்.

சுத்தியல்

இதற்கு எதற்குத் தலையைப் பிய்த்துக்கொள்கிறீர்கள். ஆறு பேட்டரியில் கடைசி ஒன்றில் மட்டும் இரண்டு வயர் இழுங்கள். 8 வோல்ட் வரும், லைட் தானாக மங்கும். கன்வெர்ட்டர் செலவும் மிச்சம்.

ஓம்விதி

சுத்தியல் அண்ணே, கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த யோசனை இரண்டு பக்கமும் அடிக்கும்.

முதலில் பேட்டரி. ஆறும் ஒரே வரிசையில் கோத்திருக்கின்றன. சார்ஜர் முழு வரிசைக்கும் ஒரே கரண்ட்டைத்தான் அனுப்பும். ஒன்றில் மட்டும் தினமும் லைட்டுக்காகக் கூடுதலாக உறிஞ்சினால் அந்த ஒன்று எப்போதும் பின்தங்கியே இருக்கும். மற்ற ஐந்தும் நிறைந்து கொதிக்கும்போது அது மட்டும் அரைவயிறாக நிற்கும். தகட்டில் சல்ஃபேட் படிந்து முதலில் சாவது அதுதான். அது செத்தால் மொத்த வண்டியும் நொண்டும். லைட்டுக்கான கரண்ட்டை எப்போதும் முழு 48 வோல்ட்டின் இரண்டு முனையிலிருந்து எடுத்து, கன்வெர்ட்டர் வழியாக 12 ஆக்கித்தான் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது லைட். ஹாலஜன் என்பது சூடான கம்பி. வோல்ட் குறைந்தால் கரண்ட்டும் குறையும், கம்பியின் சூடு தணியும், வெளிச்சம் மங்கும். எல்இடி ஹெட்லைட் அப்படி இல்லை. அதற்குள் ஒரு டிரைவர் போர்டு உட்கார்ந்திருக்கிறது. எல்இடிக்குப் போகும் கரண்ட்டை ஒரே அளவில் வைத்திருப்பதுதான் அதன் வேலை. நீங்கள் வோல்ட்டைக் குறைத்தால் அது வெளியிலிருந்து கூடுதல் ஆம்பியரை இழுத்துச் சரிக்கட்டிவிடும். நீங்கள் மங்கவைக்கப் பார்க்கிறீர்கள், அது விடமாட்டேன் என்கிறது.

பச்சைப்புல், உங்களிடம் வோல்ட்டை மாற்றக்கூடிய பவர் சப்ளை இருந்தால் ஒரு லைட்டை மட்டும் அதில் மாட்டி 12, 10, 9 வோல்ட்டில் எத்தனை ஆம்பியர் என்று பார்த்துச் சொல்லுங்களேன்.

பச்சைப்புல்

பார்த்தேன். 12 வோல்ட்டில் 1.5 ஆம்பியர். 10 வோல்ட்டில் 1.8. 9 வோல்ட்டில் 2. இதுவரை வெளிச்சத்தில் துளி வித்தியாசம் இல்லை. 8.5 பக்கம் போனதும் அணைந்துவிட்டது. கொஞ்சம் ஏற்றியதும் மறுபடி எரிந்தது.

ஓம்விதி

பாருங்கள், மூன்றிலும் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்குங்கள். எல்லாமே 18 வாட். பெட்டியில் 72 என்று போட்டிருப்பது உள்ளே இருக்கும் எல்இடி சிப்பை எண்ணி, ஒவ்வொன்றுக்கும் 3 வாட் என்று பெருக்கிய கணக்கு. 24 சிப் இருக்கும், எண்ணிப் பாருங்கள். வாங்கும்போது பெட்டி வாட்டை நம்பாதீர்கள், மல்டிமீட்டரை நம்புங்கள்.

இனி அந்த சிமிட்டலுக்கு வருவோம். ரெகுலேட்டரைத் திருகும்போது நீங்கள் வரிசையில் ஒரு ரெசிஸ்டன்ஸை நுழைக்கிறீர்கள். லைட்டுக்கு வரும் வோல்ட் குறைகிறது. லைட் கூடுதல் ஆம்பியர் இழுக்கிறது. ஆம்பியர் கூடினால் ரெகுலேட்டரில் விழும் வோல்ட்டும் கூடும், லைட்டுக்கு இன்னும் குறையும், அது இன்னும் இழுக்கும். உங்கள் லைட் 9 வோல்ட்டுக்கு வரும்போது 2 ஆம்பியர் ஓடுகிறது, 12ல் மீதி 3 வோல்ட் ரெகுலேட்டரில் நிற்கிறது. அதாவது ஒரே லைட் என்றால் வெறும் 1.5 ஓம். இரண்டு லைட்டும் சேர்ந்து 4 ஆம்பியர் என்பதால் 0.75 ஓமிலேயே அந்த இடம் வந்துவிடும். அதைத் தாண்டினால் டிரைவர் மூச்சுத் திணறி அணைகிறது. அணைந்ததும் கரண்ட் நின்றுவிடுகிறது, வோல்ட் மறுபடி 12க்கு ஏறுகிறது, டிரைவர் விழித்துக்கொள்கிறது, எரிகிறது, மறுபடி திணறுகிறது. இதுதான் உங்கள் டியூப்லைட். ரெகுலேட்டரில் 3 வோல்ட், 4 ஆம்பியர், 12 வாட் சூடு. விரல் சுடாமல் என்ன செய்யும்.

லைட்டும் பழுதில்லை, நீங்களும் பழுதில்லை. ஜோடிப்பொருத்தம்தான் சரியில்லை.

சுத்தியல்

சரி, ஒத்துக்கொள்கிறேன். என் வண்டியில் மூன்றாவது பேட்டரி மட்டும் ஏன் வருடா வருடம் போகிறது என்று இப்போதுதான் புரிகிறது. ஹாரனுக்கு வயர் எடுத்தது அங்கேதான் 😐

இரவுநடை

நான் வண்டி ஓட்டுவதில்லை. எதிரே நடந்து வருகிற ஆள் நான்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் இருட்டில் நடக்கிறேன், இந்த எல்இடி வண்டிகளிடம் மாட்டிக்கொள்கிறேன். அதனால் இரண்டு வார்த்தை.

கண் இருட்டுக்கு முழுசாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். அதை ஒரு வண்டி இரண்டே நொடியில் கெடுத்துவிடுகிறது. வண்டி கடந்துபோன பிறகுதான் உண்மையான ஆபத்து, கால் எங்கே வைக்கிறோம் என்றே தெரியாது. அந்த மனிதர் புதரில் இறங்கியது வண்டி முன்னால் இருக்கும்போதா, போன பிறகா என்று கேட்டுப் பாருங்கள்.

அப்புறம் நிறம். 6500 கெல்வின் என்று விற்கும் நீலம் கலந்த வெள்ளைதான் கண்ணைக் குத்துகிறது. அதே அளவு வெளிச்சம் 4000 கெல்வினில் வந்தால் எனக்கு அவ்வளவு தொந்தரவில்லை. பனி மூட்டமான காலையில் இவ்வளவு வெளிச்சம் ஓட்டுகிறவருக்கும் உதவாது, முன்னால் வெள்ளைத் திரை கட்டினமாதிரிதான் இருக்கும்.

கடைசியாக ஒன்று. எல்லோரும் எவ்வளவு மங்கவைப்பது என்றே பேசுகிறீர்கள். லைட் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று யாரும் கேட்கவில்லையே?

பழையசாவி

இரவுநடை அம்மா கேட்டதுதான் சரியான கேள்வி. பச்சைப்புல், அந்த லைட்டின் முகம் எப்படி இருக்கிறது? சதுரமாக, வரிசை வரிசையாகச் சின்னச் சின்னக் கிண்ணங்கள் வைத்த வகையா?

பச்சைப்புல்

ஆமாம் சார். நான்கு வரிசை, ஒரு வரிசைக்கு ஆறு. (ஓம்விதி, 24தான்!)

பழையசாவி

அப்படியென்றால் அது ஹெட்லைட்டே இல்லை, வேலைவிளக்கு. இரவில் குழி தோண்டும்போது, அறுவடை எந்திரத்தில், கூரைமேல் வைத்துக் கீழ்நோக்கி அடிக்கச் செய்தது. மேலேயும் கீழேயும் பக்கத்திலும் ஒரே மாதிரி வாரி இறைக்கும். அதை முட்டி உயரத்தில் நேராக வைத்தால் பாதி வெளிச்சம் வானத்துக்கும் நடப்பவர் கண்ணுக்கும்தான் போகும். பாதி மங்கவைத்தாலும் அந்தப் பங்கு மாறாது.

நல்ல லோ பீம் (எதிரே வருபவர் கண்ணில் படாமல் கீழ்நோக்கி அடிக்கும்) லைட்டைச் சுவரில் அடித்துப் பார்த்தால் மேலே கத்தியால் வெட்டினமாதிரி ஒரு கோடு தெரியும். கோட்டுக்குக் கீழே வெளிச்சம், மேலே இருட்டு. நீங்கள் வாங்க வேண்டியது அந்தக் கோடு இருக்கும் லைட். லூமென் எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதீர்கள். லூமென் என்பது மொத்தம் எவ்வளவு கொட்டுகிறது என்பது மட்டும்தான், எங்கே கொட்டுகிறது என்று சொல்லாது. இன்னொன்று, உங்கள் பழைய ஹாலஜன் கூட்டிலேயே எல்இடி பல்பைச் செருகும் யோசனை வந்தால் விட்டுவிடுங்கள். அந்தக் கிண்ணத்தின் வளைவு ஒரு மெல்லிய கம்பி இருந்த இடத்துக்குக் கணக்குப் போட்டது. பல்பில் சிப் ஒரு மில்லிமீட்டர் தள்ளி இருந்தாலே கோடு கலைந்துவிடும்.

உங்களுக்கு எவ்வளவு தூரம் தெரிந்தால் போதும் என்றும் யோசியுங்கள். வண்டி 20 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 5.6 மீட்டர். எதையோ பார்த்துக் கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி, அதற்குள் 8 மீட்டர் ஓடிவிடும். ஈரப்புல்லில் நிற்க இன்னொரு 8 என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 16. இரட்டிப்பாக வைத்தாலும் 30, 35 மீட்டர் போதும். 200 மீட்டர் அடிக்கும் லைட்டை வைத்து யாரைத் தேடப்போகிறீர்கள்?

இனி லைட்டைச் சாய்ப்பது. சமதளத்தில் சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்துங்கள். லைட்டின் நடுப்புள்ளி தரையிலிருந்து 70 சென்டிமீட்டர் என்றால் சுவரில் கோடு 60 சென்டிமீட்டரில் விழ வேண்டும். 5 மீட்டருக்கு 10 சென்டிமீட்டர் இறக்கம், அதாவது 2 சதவீதம். அப்படியே நீட்டினால் 35 மீட்டரில் தரையைத் தொடும். நாம் கேட்டதும் அதுதான்.

முக்கியமான விஷயம், காலி வண்டியை வைத்துச் சாய்க்காதீர்கள். இதில் நானே ஏமாந்திருக்கிறேன். கார்ட்டின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே ஒன்றே முக்கால் மீட்டர்கூட இருக்காது. பின் சீட்டில் இரண்டு பேர் ஏறிப் பின்பக்கம் வெறும் 3 சென்டிமீட்டர் அமுங்கினால் மூக்கு கிட்டத்தட்ட 2 சதவீதம் மேலே தூக்கிவிடும். கஷ்டப்பட்டு இறக்கியதெல்லாம் போச்சு. சீட்டில் ஆளை உட்காரவைத்து, தட்டில் வழக்கமான சாமானையும் ஏற்றிவைத்துச் சாய்த்துக்கொள்ளுங்கள்.

சுத்தியல்

லைட் முகத்தில் கலர் ஃபிலிம் ஒட்டினால் ஆகாதா? இல்லை பாதிக்கு மேல் கறுப்பு டேப்?

பழையசாவி

வேலைவிளக்கில் மேல் பாதிக்கு டேப் ஒட்டினால் மொத்த வெளிச்சம் குறையும், கோடு வராது. ஒவ்வொரு கிண்ணமும் தன் பங்குக்கு மேலேயும் கீழேயும் அடிக்கிறதே. டேப்பில் நிற்கும் வெளிச்சம் சூடாக மாறும், பசை உருகிக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். ஓர் இரவைச் சமாளிக்க ஓகே.

ஓம்விதி

சாய்ப்பது பற்றிப் பழையசாவி சொன்னது முழுக்க உண்மை. ஆனால் மங்கவைப்பதே வேண்டாம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மைதானம் சமதளமா என்ன? வண்டி ஒரு மேட்டில் ஏறி உச்சியைத் தொடும்போது எவ்வளவு சாய்த்து வைத்தாலும் கோடு எதிரில் இருப்பவர் கழுத்துக்கு வந்துவிடும். ஷெட்டுக்குள் வரும்போதும், ஆட்கள் வண்டி முன்னால் நின்று வேலை செய்யும்போதும் முழு வெளிச்சம் தேவையே இல்லை. ஓட்டுகிறவருக்கும்தான். வண்டியின் மூக்கு வெள்ளையாக இருந்தால் சிந்தும் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி அவர் கண்ணுக்கே வரும். கீறல் விழுந்த அக்ரிலிக் கண்ணாடி இருந்தால் கேட்கவே வேண்டாம்.

மூன்றாம்வயர்

மங்கவைப்பதை நான் சொல்கிறேன், இதில் கை சுட்டுக்கொண்டவன்.

முதலில் நான் வாங்கியது எல்இடி பட்டைகளுக்கு விற்கும் பிடபிள்யூஎம் டிம்மர். அது வோல்ட்டைக் குறைப்பதில்லை, நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை கரண்ட்டை வெட்டி வெட்டி விடுகிறது. எரியும் நேரம் குறைந்தால் கண்ணுக்கு மங்கலாகத் தெரியும். பட்டையில் ரெசிஸ்டர் மட்டும்தான் இருக்கும், அதனால் அருமையாக வேலை செய்யும். ஹெட்லைட்டில் டிரைவரும் அதன் வாசலில் மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டரும் இருக்கின்றன. ஒவ்வொரு வெட்டுக்கும் அந்தக் கெப்பாசிட்டர் காலியாகி நிறைய, டிம்மருக்குள் கரண்ட்டை வெட்டும் மாஸ்ஃபெட் ஒரு வாரத்தில் கருகியது. அதுவரையிலும் ஒழுங்காக இருந்ததா என்றால் அதுவும் இல்லை, ஓரக்கண்ணால் பார்த்தால் துடித்தது. மொபைல் கேமராவை நீட்டினால் திரையில் கோடு கோடாக ஓடும்.

இரண்டாவது டிம்மர் இன்னும் வேடிக்கை. திருகு எங்கே இருந்தாலும் முழு வெளிச்சம்! ஒரு ஞாயிறு முழுக்க அதோடு மல்லுக்கட்டினேன். விஷயம் இதுதான்: இந்த மலிவு டிம்மர்கள் நெகட்டிவ் பக்கத்தை வெட்டுகின்றன. என் வண்டி பெட்ரோல் வண்டி, சேஸிஸே (வண்டியின் உலோகச் சட்டமே) நெகட்டிவ். லைட்டின் நெகட்டிவ் அதன் உலோக உடம்போடு சேர்ந்திருந்தது, உடம்பு போல்ட் வழியாகச் சேஸிஸோடு. கரண்ட்டுக்கு டிம்மரைச் சுற்றிப் போக ராஜபாட்டை கிடைத்துவிட்டது. ரப்பர் வாஷர் வைத்து லைட்டைச் சேஸிஸிலிருந்து பிரித்ததும் டிம்மர் வேலை செய்தது. எலக்ட்ரிக் கார்ட்டில் பெரும்பாலும் சேஸிஸ் எதிலும் சேராமல் இருக்கும், அதை அப்படியே விடுங்கள். ஒவ்வொரு லைட்டுக்கும் தனி நெகட்டிவ் வயர் இழுங்கள்.

கடைசியில் செய்தது: மூன்று வயர் வரும் லைட் வாங்கினேன். பாசிட்டிவ், நெகட்டிவ், அப்புறம் மங்கவைப்பதற்கென்று ஒன்று. அந்த மூன்றாவது வயர் நேராக டிரைவருக்குப் போய் இவ்வளவு கரண்ட் விட்டால் போதும் என்று சொல்கிறது. அதில் ஓடுவது மில்லிஆம்பியர்தான், ரேடியோவில் இருக்கும் சின்ன வால்யூம் திருகே போதும். துடிப்பு இல்லை, சூடு இல்லை. உள்ளே இருக்கும் டிரைவர் சிப்பைப் பொறுத்து அந்த வயருக்கு எத்தனை வோல்ட் தர வேண்டும் என்பது மாறும், லைட்டோடு வரும் தாளைப் பாருங்கள். உதாரணமாக மலிவான டிரைவர்களில் அடிக்கடி காணக்கிடைக்கும் பிடி4115 சிப்பில் டிம் காலை (மங்கவைப்பதற்கான முனையை) 2.5 வோல்ட்டுக்குக் கீழே கொண்டுவரக் கொண்டுவர வெளிச்சம் குறையும், 0.3க்குக் கீழே அணைந்துவிடும். அதில் நேராக 12 வோல்ட்டைக் கொடுத்தால் சிப்புக்கு மோட்சம்.

பச்சைப்புல்

என் லைட்டைத் திறந்து அந்தக் காலில் வயர் வைக்க முடியுமா?

மூன்றாம்வயர்

முடியும். ஆனால் திறந்த பிறகு தண்ணீர் புகாமல் மூடுவது உங்கள் பாடு. நான் மூடியது முதல் பனியிலேயே உள்ளே வியர்த்தது. அதைக் கூரைக்கு ஏற்றி வேலைவிளக்காகவே வைத்துக்கொள்ளுங்கள், வண்டி நிற்கும்போது மட்டும் போடுங்கள்.

ஓம்விதி

திருகு மாட்டியதும் குழப்பம் வரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கரண்ட்டைப் பாதியாக்கினால் கண்ணுக்குப் பாதி வெளிச்சமாகத் தெரியாது, லேசாகக் குறைந்தமாதிரிதான் இருக்கும். கண்ணுக்குப் பாதி என்று தோன்ற கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்குக்கு இறக்க வேண்டும். "டிம்மர் வேலை செய்யவில்லை" என்று வருகிற புகாரில் நிறைய இந்த வகைதான்.

வயரிங்கில் மூன்று விஷயம். 48 வோல்ட் பக்கம் ஃபியூஸ் கட்டாயம், பேட்டரி பாசிட்டிவுக்குப் பக்கத்திலேயே. ஆனால் காரில் போடும் சாதாரண கத்தி ஃபியூஸ் 32 வோல்ட்டுக்குத்தான் செய்தது. 48ல் அது உருகினாலும் இடைவெளியில் தீப்பொறி நீண்டு எரியலாம், 58 அல்லது 80 வோல்ட் என்று பொறித்த ஃபியூஸ் வாங்குங்கள். இதே காரணத்துக்காக லைட் சுவிட்சை 12 வோல்ட் பக்கம் வையுங்கள். கன்வெர்ட்டர் வெறுமனே இருந்தாலும் கொஞ்சம் குடித்துக்கொண்டே இருக்கும், சாவி போட்டால் மட்டும் விழித்துக்கொள்ளும் வகை கிடைத்தால் அதை எடுங்கள். லைட் இரண்டும் சேர்ந்து 3 ஆம்பியர்தான், ஹாரன், பிரேக் லைட் எல்லாம் சேர்த்தாலும் 10 ஆம்பியர் கன்வெர்ட்டர் தாங்கும்.

கையில் மோதிரம் இருந்தால் கழற்றிவிட்டு ஸ்பேனரைத் தொடுங்கள். வண்டியைக் கட்டி இழுக்கும்போது போடும் டோ சுவிட்ச் இருந்தால் அதையும் டோ நிலையில் போட்டுவிடுங்கள்.

பச்சைப்புல்

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். மன்னிக்கவும்.

லோ பீம் கோடு உள்ள, 4000 கெல்வின், மூன்று வயர் ஜோடி போட்டேன். அளந்து பார்த்தால் ஒன்றுக்கு 14 வாட்தான், பழையதைவிடக் குறைவு. பாதையில் ஆனால் அதிகம் தெரிகிறது, தெளிப்பான் தலைகூட முன்கூட்டியே கண்ணில் படுகிறது. பின் சீட்டில் இரண்டு ஆளை ஏற்றித்தான் சாய்த்தேன். காலி வண்டியில் கோடு 60ல் இருந்தது, ஆள் ஏறியதும் 68க்குப் போய்விட்டது, பழையசாவி சார் சொன்ன கணக்கு அப்படியே. திரும்ப இறக்கினேன். காலியாகப் போகும்போது இப்போது 20 மீட்டர்தான் அடிக்கிறது, தனியாக ஓட்டுகிறவர் மெதுவாகப் போகட்டும்.

திருகுக்குப் பதிலாக ஆட்கள் குழம்பாமல் இருக்க மூன்று நிலை சுவிட்ச் வைத்துவிட்டேன். முழுசு, ஐந்தில் ஒன்று, அணைப்பு. மேட்டுக்கு முன்னால் தட்டிவிடப் பழகிவிட்டார்கள், ஒருவரைத் தவிர.

புதரில் இறங்கியவரிடமும் கேட்டேன், இரவுநடை. வண்டி போன பிறகுதானாம்.

இப்போது ஒரே பிரச்சினை, பிரேக் லைட் எப்போதும் மங்கலாக எரிந்துகொண்டே இருக்கிறது. அழுத்தினால் பிரகாசமாகிறது, விட்டால் முழுசாக அணையமாட்டேன் என்கிறது.

மூன்றாம்வயர்

டெயில் லைட் வயரும் பிரேக் வயரும் இடம் மாறவில்லையே? எதற்கும் அதற்குத் தனி இழை போடுங்கள், படத்தோடு.

சுத்தியல்

நான் ஒரு யோசனை சொல்லட்டுமா?

பச்சைப்புல்

புது இழையில் சொல்லுங்கள் அண்ணே 🙏